தாள் சிவந்தால் எரிமலை மண்ணா? கானாடுகாத்தான் கொல்லையிலிருந்து ஒரு கேள்வி

கானாடுகாத்தான் வாத்தியார்

வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். அறிவியல் கண்காட்சி என்றாலே எல்லோரும் அட்டையில் எரிமலை செய்து சோடா மாவும் வினிகரும் ஊற்றுகிறார்கள், நாம் எரிமலை மண்ணைப் பற்றிச் செய்வோம் சார் என்று ஒரு பையன் கிளப்பிவிட்டான். தேடியதில் சுலபமான வயல்சோதனை ஒன்று கிடைத்தது. நியூசிலாந்தில் ஃபீல்ட்ஸ், பெரட் என்ற இருவர் 1966-ல் வெளியிட்டது. வடிதாளைப் பினாப்தலீனில் நனைத்துக் காயவைத்து, அதன்மேல் ஒரு சிட்டிகை மண் வைத்து, சோடியம் ஃப்ளோரைடு கரைசலைச் சொட்ட வேண்டும். எரிமலைச் சாம்பல் மண்ணில் உண்டாகும் அலோபேன் என்ற களிக்கனிமம் இருந்தால் தாள் சிவக்கும்.

கண்மாய் வண்டலில் ஒன்றும் நடக்கவில்லை. ரோட்டோரச் செம்மண்ணிலும் இல்லை. ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் கொல்லையில் எடுத்த மண்ணில் மட்டும் முதலில் ஓரம் ரோஸ் ஆனது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுவதும் சிவந்துவிட்டது. வகுப்பில் ஒரே கூத்து. ‘செட்டிநாட்டில் எரிமலை’ என்று சார்ட்கூட எழுதிவிட்டார்கள்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஏன் சிவந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே?

செம்புறாங்கல்

முதலில் அந்த சார்ட்டைக் கிழியுங்கள் வாத்தியாரே. காரைக்குடி வட்டாரத்தில் கிணறு வெட்டியவர் யாரைக் கேட்டாலும் மேலே செம்மண், அப்புறம் செம்புறாங்கல், அதற்குக் கீழே மணற்பாறையும் களியும் என்பார். திருமயம் பக்கம் போனால் கருங்கல். இதில் எரிமலைக்கு எங்கே இடம்?

ஈரமண்

வாத்தியார் ஐயா, அந்த வீட்டின் பின்சுவரில் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் உங்கள் எரிமலை அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தாளுக்கு அலோபேனைத் தெரியாது, காரத்தை மட்டுமே தெரியும். ஃப்ளோரைடு அயனி, அலுமினியத்தோடு ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சிலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். வெளியே வந்த ஹைட்ராக்சில் கரைசலைக் காரமாக்கும். அலோபேனில் இப்படி எட்டிப் பிடிக்க வசதியாக அலுமினியம் ஏராளம் இருப்பதால் தாள் சட்டென்று சிவக்கிறது. ஆய்வகத்தில் இதையே 1 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. கரைசல் என்று ஊற்றி, இரண்டு நிமிடத்தில் பிஎச் 9.4-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

ஆனால் மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் இதே கதைதான். கால்சியம் கார்பனேட்டும் சோடியம் ஃப்ளோரைடும் சேர்ந்தால் கால்சியம் ஃப்ளோரைடு அடியில் படியும், சோடியம் கார்பனேட் கரைசலில் மிஞ்சும். அதாவது சலவைச் சோடா. தாள் சிவக்காமல் என்ன செய்யும்? செட்டிநாட்டு வீட்டுச் சுவர் எதில் பூசியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தாலும் அடிப்படை சுண்ணாம்புதானே. வருஷக்கணக்காக உதிர்ந்து கொல்லை மண்ணோடு கலந்திருக்கும்.

சரிபார்க்க அதே இடத்தில் புதிதாகக் கொஞ்சம் மண் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு. ஒரு எச்சரிக்கை: ஃப்ளோரைடு ஊற்றிய மண்ணின் மேல் அமிலத்தை விட்டுவிடாதீர்கள். ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கிளம்பும், அது விளையாட்டுச் சாமான் இல்லை. சோடியம் ஃப்ளோரைடே விஷம்தான். பிள்ளைகள் கையில் கொடுக்காமல் நீங்களே கையுறை போட்டுச் சொட்டுங்கள்.

கானாடுகாத்தான் வாத்தியார்

நன்றாகவே பொங்கியது. சல்லடையில் சலித்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பூச்சுத் துணுக்குகள். நன்றி அம்மா. சார்ட்டை மாற்றியாகிவிட்டது.

இப்போது பையன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்: "தாளை நம்ப முடியாது என்றால், எரிமலை நாட்டுக்காரர்கள் நிஜமாக எப்படி சார் அளக்கிறார்கள்?"

எக்ஸ்ரே தம்பி

இதற்கு எதற்கு சார் சுற்றிவளைப்பு? மண்ணைக் காயவைத்து, அரைத்து, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்கதிரைப் பாய்ச்சிக் கனிமத்தை அடையாளம் காணும் சோதனை) ஓட்ட வேண்டியதுதான். எந்தக் கனிமமாக இருந்தாலும் வரைபடத்தில் அதனதன் இடத்தில் பீக் (கூர்முனை) வரும். காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். நான் எம்எஸ்சி ப்ராஜெக்டில் நம்ம ஊர்க் களியைப் போட்டேன். அணு அடுக்குகளின் இடைவெளி 7 ஆங்ஸ்ட்ராம் (0.7 நானோமீட்டர்) என்று காட்டும் இடத்தில் கெயோலினைட் என்ற களிக்கனிமம் கத்தி மாதிரி நின்றது.

ஈரமண்

தம்பி, நீங்கள் எழுதியதில் முதல் வார்த்தையிலேயே எனக்குச் சண்டை. காயவைத்து என்கிறீர்களே, அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பீக் விஷயம். எக்ஸ்ஆர்டியில் பீக் வர வேண்டுமானால் அணுக்கள் நெடுந்தூரம் வரிசை தப்பாமல் அடுக்கியிருக்க வேண்டும். அலோபேனில் அந்த வரிசை சில அணுக்களோடு முடிந்துவிடுகிறது. அது உள்ளே ஒன்றுமில்லாத ஒரு குட்டி உருண்டை. விட்டம் 3.5 முதல் 5 நானோமீட்டர், சுவர் ஒரு நானோமீட்டர்கூட இருக்காது. உப்பிய பூரியில் ஆங்காங்கே ஊசியால் குத்திய மாதிரி சுவரில் ஓட்டைகள் வேறு. இதை எக்ஸ்ஆர்டியில் வைத்தால் 3.3 ஆங்ஸ்ட்ராம், 2.25 ஆங்ஸ்ட்ராம் பக்கம் இரண்டு மேடு தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் கொஞ்சம் குவார்ட்ஸ் இருந்துவிட்டால் அந்த மேடும் கண்ணுக்குத் தெரியாது. மண்ணில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் அலோபேன் இருந்தும், பீக் இல்லை அதனால் களி இல்லை என்று ரிப்போர்ட் எழுதிவிடலாம்.

அதன் கூடப்பிறந்தது இமோகோலைட். இது குழாய். வெளிவிட்டம் சுமார் 2 நானோமீட்டர், உள்விட்டம் ஒன்று, நீளம் மைக்ரோமீட்டர் கணக்கில் போகும். ஜப்பானின் கியூஷூ தீவுச் சாம்பல் மண்ணிலிருந்து 1962-ல் யோஷினாகாவும் அவோமினேயும் இதை முதலில் விவரித்தார்கள். இரண்டையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் கதி. ஆனால் படம் பிடித்தால் இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது.

இன்னொன்று. உங்கள் 7 ஆங்ஸ்ட்ராம் பீக் கெயோலினைட்தான் என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? அதன் உறவுக் களிக்கனிமமான ஹாலாய்சைட்டும் காய்ந்தபின் 7-இல்தான் நிற்கும். ஈரமாக இருக்கும்போது அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் இருப்பதால் 10-இல் நிற்கும். ஒருமுறை காய்ந்தால் அந்தத் தண்ணீர் திரும்ப உள்ளே போகாது. காய்ந்த மண்ணில் ஃபார்மமைடு தெளித்து அரைமணி நேரத்துக்குள் மறுபடி ஓட்டினால் ஹாலாய்சைட் 10-க்கு விரியும், கெயோலினைட் அசையாது.

நம்ம ஊர்ச் செம்மண்ணில் கெயோலினைட் என்பதுதான் எதிர்பார்க்கக்கூடியது, அதில் சண்டை இல்லை.

எக்ஸ்ரே தம்பி

சரி அக்கா, ஃபார்மமைடு எனக்குப் புதுசு. ஆனால் காயவைத்தால் என்ன கெட்டுவிடும்? உலகத்தில் எல்லா மண் ஆய்வகத்திலும் நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலிப்பதுதானே முதல் வேலை?

மேடான் மாப்பிள்ளை

இதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி. தேவகோட்டைக்காரன், சுமத்ராவில் மேடானில் செட்டில். எங்கள் பெரியவர்கள் வட்டிக்கடை வைக்க வந்த ஊர், நான் காய்கறி வியாபாரம். வாரா வாரம் பிரஸ்தாகி மேட்டுக்கு ஏறுவேன். சிபாயாக், சினாபுங் என்று இரண்டு எரிமலைக்கு நடுவே கேரட்டும் முட்டைக்கோஸும் விளைகிற ஊர். பல நூறு வருஷமாகச் சும்மா கிடந்த சினாபுங் 2010-ல் எழுந்து அப்புறம் வருஷக்கணக்கில் சாம்பல் கொட்டியது.

புதிதாக மண் வெட்டிய சரிவில் மேலே முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு, அதற்குக் கீழே மஞ்சள் கலந்த பழுப்பு. அந்தப் பழுப்பில் ஒரு கட்டி எடுத்தால் முதலில் கைக்குத் தெரிவது எடை. நம்ம ஊர் மண்கட்டி அளவுக்கு இருக்கும், பாதிக் கனம்கூட இருக்காது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் கொஞ்ச நேரம் கெட்டியாக நிற்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று உடைந்து வழுக்கும், விரலிடுக்கில் தண்ணீர் கசியும். அதுவரை அந்தத் தண்ணீர் எங்கே இருந்தது என்றே தெரியாது. கையில் பிசுபிசுவென்று ஒட்டாது, நம்ம கண்மாய்க் களி மாதிரி நகத்திடுக்கில் நிற்காது.

அதே மண் ரோட்டோரம் சரிந்து வெயிலில் காய்ந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். குருணை குருணையாக ஆகிவிடும். அடுத்த மழையில் நனைந்தாலும் பழைய வழவழப்பு வராது, மணல் மாதிரியே கிடக்கும்.

ஈரமண்

மாப்பிள்ளை சொன்னதுதான் தம்பி விஷயம். காயும்போது அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. திரும்ப ஊறவைத்தாலும் பிரியாது. உலர்த்திய மண்ணை ஹைட்ரோமீட்டர் ஜாடியில் போட்டுக் களி எவ்வளவு என்று பார்த்தால் பாதிகூடக் காட்டாது, "வண்டல் கலந்த மணல்" என்று வரும். ஈரமாகவே எடுத்தால் வேறு விடை. ஒரே மண்தான்.

போதாததற்கு நாம் களியைப் பிரிக்க வழக்கமாகப் போடும் கால்கன் இங்கே கைகொடுக்காது. அது பாஸ்பேட். அலோபேன் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பரப்பின் மின்சுமையும் பிஎச்சைப் பொறுத்து மாறுகிறது. அதனால் காரத்துக்குப் பதில் பிஎச் 4 பக்கம் லேசான அமிலத்தில் போட்டு, மீயொலியால் குலுக்கிப் பிரிப்பார்கள். அப்படியும் முழுசாகப் பிரிந்ததா என்று சத்தியம் செய்ய முடியாது. என்னைக் கேட்டால், சாம்பல் மண் ரிப்போர்ட்டில் களி சதவீதம் என்று ஒரு எண் மட்டும் இருந்து, ஈரமாக எடுத்ததா காயவைத்ததா என்று பக்கத்தில் எழுதவில்லை என்றால், அந்த எண்ணைப் படிக்காமல் தாண்டிப்போகலாம்.

கானாடுகாத்தான் வாத்தியார்

அப்படியானால் எடைபோட முடியாது, சலிக்க முடியாது, எக்ஸ்ரேயும் காட்டாது. மிச்சம் என்ன இருக்கிறது?

ஈரமண்

கரைப்பதுதான் ஐயா. எவ்வளவு கரைகிறது என்று பார்த்து, அதிலிருந்து எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போடுவது. ஒழுங்கில்லாத கனிமம் என்பதால்தான் எக்ஸ்ரேயில் தெரியவில்லை, அதே ஒழுங்கின்மையால்தான் லேசான அமிலத்தில் சீக்கிரம் கரைகிறது. அந்தக் குறையே நமக்கு வசதி.

கரைசல் அமில அம்மோனியம் ஆக்சலேட், பிஎச் 3.0. ஒரு பங்கு மண்ணுக்கு நூறு பங்கு கரைசல், நாலு மணி நேரம் ஆட்ட வேண்டும். ஸ்வீடனில் டாம் என்பவர் 1922-ல் தொடங்கியது, ஜெர்மனியில் ஷ்வெர்ட்மான் 1964-ல் இருட்டில் செய்யச் சொன்னார். இந்த இருட்டு முக்கியம். வெளிச்சம் பட்டால் ஆக்சலேட் நன்றாகப் படிகமான இரும்பு ஆக்சைடையும் கரைக்கத் தொடங்கிவிடும். நம்ம செம்மண்ணை ஜன்னலோரம் வைத்து ஆட்டினால் ஹெமடைட்டும் கோதைட்டும் கரைந்து, இல்லாத எரிமலையை ரிப்போர்ட்டில் கொண்டுவந்துவிடும். பாட்டிலை அலுமினியத் தாளில் சுற்றுவது அதற்குத்தான். மேக்னடைட் மட்டும் இருட்டிலும் கரையும், அதற்கு மருந்தில்லை.

கரைந்ததில் அலுமினியம், சிலிக்கான், இரும்பு மூன்றையும் ஐசிபி என்ற, தனிமங்களை அளக்கும் கருவியில் அளப்பார்கள். இலைமக்கோடு பிணைந்த அலுமினியமும் ஆக்சலேட்டில் வந்துவிடும். அதைத் தனியாகப் பைரோபாஸ்பேட்டில் கரைத்து அளந்து கழிக்க வேண்டும்.

கணக்குக்காக எண்கள் வைத்துக்கொள்வோம். ஆக்சலேட்டில் அலுமினியம் 4.2 சதவீதம், பைரோபாஸ்பேட்டில் 0.6, ஆக்சலேட்டில் சிலிக்கான் 1.8. கழித்தால் அலுமினியம் 3.6. அணு எண்ணிக்கையாக மாற்றினால் அலுமினியத்துக்கும் சிலிக்கானுக்கும் விகிதம் ஏறக்குறைய இரண்டு. விகிதம் இரண்டு என்றால் சிலிக்கானை ஏழால் பெருக்கலாம், ஒன்று என்றால் ஐந்தால். நியூசிலாந்தின் பார்ஃபிட் குழுவினர் கொடுத்த பெருக்குத்தொகைகள் இவை. ஆக அலோபேன் 12.6 சதவீதம். இரும்பு 1.5 இருந்தால் அதை 1.7-ஆல் பெருக்கி, ஃபெரிஹைட்ரைட் (சரியாகப் படிகமாகாத இரும்புக் கனிமம்) சுமார் 2.5 சதவீதம் என்பார்கள். 12.6 என்று தசமம் போட்டாலும் "பத்துக்கு மேல், பதினைந்துக்குள்" என்றுதான் நான் படிப்பேன்.

செம்புறாங்கல்

இப்போது புரிகிறது. அப்போ சாம்பல் மண் என்று பட்டம் கொடுக்க யார் வைத்த அளவு?

ஈரமண்

அமெரிக்க வகைப்பாட்டில் ஆண்டிசால் என்று தனி வரிசையே 1990-ல் வந்தது. முக்கியமான நிபந்தனை மூன்று: ஆக்சலேட் அலுமினியத்தோடு இரும்பில் பாதியைக் கூட்டினால் 2 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கன செ.மீ.க்கு எடை 0.90 கிராமுக்கு மேல் போகக்கூடாது, பாஸ்பேட்டை 85 சதவீதமாவது பிடித்து வைக்க வேண்டும். எரிமலைக் கண்ணாடித் துகள் (எரிமலைக் குழம்பு படிகமாகாமல் சட்டென்று ஆறி உறைந்தது) நிறைய இருந்தால் கொஞ்சம் தளர்த்துவார்கள். மாப்பிள்ளை கையில் உணர்ந்த எடைதான் அந்த 0.90. நம்ம செம்மண் 1.5 பக்கம் இருக்கும்.

கண்மாய்க்கரை

நான் விவசாயி, வேதியியல் தெரியாது. ஆனால் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்த சாம்பல் இந்தியா முழுக்க விழுந்தது என்று படித்திருக்கிறேன். நம்ம கண்மாயில் விழாமலா இருந்திருக்கும்? அப்புறம் கோவில்பட்டிக் கரிசல் எரிமலை மண்தானே?

ஈரமண்

நல்ல கேள்வி அண்ணே. டோபா வெடித்தது சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு. கர்னூல் வட்டாரத்தில் ஜ்வாலாபுரம் என்ற ஊரில் அந்தச் சாம்பல் ஆளுயரத்துக்கும் மேல் அடுக்காகவே கிடைத்திருக்கிறது. பள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்து, மேலே வேறு மண் மூடியதால் தப்பியது. திறந்த மேட்டில் விழுந்ததெல்லாம் காற்றும் மழையும் கொண்டுபோயிருக்கும்.

விழுந்து தங்கியிருந்தாலும் இங்கே அலோபேன் உண்டாகியிருக்குமா என்பது வேறு கேள்வி. சாம்பலில் இருக்கும் எரிமலைக் கண்ணாடி கரையும்போது வெளிவரும் சிலிக்காவை மழை அடித்துக்கொண்டு போக வேண்டும். போனால் அலோபேன். போகாமல் தேங்கினால் ஹாலாய்சைட். நியூசிலாந்தில் பார்த்தவரை ஆண்டுக்குச் சுமார் 1500 மி.மீ. மழைக்கு மேல் அலோபேன், அதற்குக் குறைந்தால் ஹாலாய்சைட் பக்கம் சாய்கிறது. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்வதையும் சேர்த்து 900 பக்கம், மிச்ச மாதம் வறட்சி. கண்டிப்பாக அலோபேன் நாடு கிடையாது.

கரிசல் வேறு கதை. மகாராஷ்டிரத்துக் கரிசல், சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் ஓடிய டெக்கான் எரிமலைக் குழம்பு பாறையாகி, அது மக்கி வந்தது. அதில் இருப்பது ஸ்மெக்டைட் என்ற களிக்கனிமம். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், எக்ஸ்ஆர்டியில் அழகாகப் பீக் கொடுக்கும். அந்தக் குழம்பு தமிழ்நாட்டை எட்டவில்லை. கோவில்பட்டிக் கரிசல் இங்கத்தியப் பாறையிலிருந்து வந்தது.

ஆனால் ஒரு வேடிக்கை சொல்கிறேன். எரிமலையே இல்லாமல் ஆண்டிசால் நிபந்தனைகளில் தேறும் மண் நம்ம நீலகிரியில் இருக்கிறது. 2000-ல் வெளிவந்த ஆய்வு. மேட்டுக் குளிரில் இலைமக்கு மக்காமல் சேர்ந்து, பழைய செம்மண்ணிலிருந்து வந்த அலுமினியத்தோடு பிணைந்துவிட்டது. மேலே பைரோபாஸ்பேட் அளவைக் கழித்தோமே, அங்கே கழித்தால் மிச்சம் ஒன்றும் பெரிதாக நிற்காது. அலோபேன் இல்லாத ஆண்டிசால் என்றே பெயர். பிணைந்த அலுமினியம் நிறைய இருக்கும் மண்ணில் உங்கள் தாளும் சிவக்கும் வாத்தியார் ஐயா, ஒரு துணுக்குச் சுண்ணாம்பு இல்லாமலே.

எக்ஸ்ரே தம்பி

அப்போ தாள் சிவந்தால் சுண்ணாம்பு, அலோபேன், இலைமக்கு அலுமினியம் மூன்றில் ஒன்று. சிவக்காவிட்டால்தான் உறுதியாகச் சொல்லலாம்: அலோபேன் இல்லை. நல்ல சோதனைதான் போங்கள்!

ஈரமண்

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. வயலில் அதன் உபயோகமே அதுதான். எந்த மண்ணை ஆய்வகம்வரை தூக்க வேண்டாம் என்று முடிவுசெய்ய.

மேடான் மாப்பிள்ளை

வாத்தியாரே, அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு ஒரு டப்பா பிரஸ்தாகி மண் கொண்டுவரவா?

ஈரமண்

வேண்டாம் மாப்பிள்ளை. அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மண் கொண்டுவருவது தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டப்படி தப்பு. விரலில் வைத்து அழுத்துவதை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள், கண்காட்சிக்கு அது போதும்.

கண்மாய்க்கரை

அந்த பாஸ்பேட் பிடிக்கிற விஷயம் நமக்கும் உண்டா அக்கா? என் செம்மண் புஞ்சையில் சூப்பர் பாஸ்பேட் போட்டால் போட்ட இடம் தெரியாமல் போகிறது.

ஈரமண்

உண்டு அண்ணே, அளவுதான் வேறு. உங்கள் மண்ணில் இரும்பு ஆக்சைடு பிடிக்கிறது. சாம்பல் மண்ணில் அலோபேன் அதைவிடப் பல மடங்கு பிடிக்கும், ஒரு கிராம் அலோபேனுக்கு 700 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு. வயல் முழுக்க இறைத்தால் உரம் மண்ணோடு அதிகம் உரசும், அதிகம் மாட்டிக்கொள்ளும். விதை வரிசைக்குப் பக்கத்தில் கோடு போட்டு, தொழுவுரத்தோடு கலந்து வையுங்கள்.

வாத்தியார் ஐயா, கண்காட்சிக்கு இதையே செய்யலாம், ஃப்ளோரைடைவிடப் பயமில்லாத சோதனை. 5 கிராம் மண், லிட்டருக்கு 1000 மி.கி. பாஸ்பரஸ் உள்ள பிஎச் 4.6 கரைசல் 25 மி.லி., ஒரு நாள் ஆட்டி வடிகட்டுங்கள். மிஞ்சிய பாஸ்பரசுக்கு வனாடோமாலிப்டேட் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும், எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு மண் பிடித்துக்கொண்டது. கலரிமீட்டர் இருந்தால் எண்ணாகவே எடுக்கலாம். மண் போடாத கரைசல் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? கொல்லை மண்ணை இதில் சேர்க்காதீர்கள், சுண்ணாம்பும் பாஸ்பேட்டைப் பிடிக்கும்.

கானாடுகாத்தான் வாத்தியார்

கலரிமீட்டர் இருக்கிறது, பல்பு போயிருக்கிறது. காரைக்குடியில் வாங்கிக்கொள்கிறேன். கண்மாய்க்கரை அண்ணே, உங்கள் புஞ்சை மண் ஒரு கிலோ வேண்டும், உரம் போடாத ஓரமாகப் பார்த்து எடுத்துவையுங்கள்.